இரவில் மட்டும் இணையம் இழுக்கிறது. எங்கே இழுக்கிறது என்று கிராஃப் போட்டுக் காட்ட எந்த ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் நல்லது? எப்படி நிறுவுவது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. பகலில் நன்றாக ஓடுகிறது. இரவு 8 மணிக்கு மேல் வீடியோ கால் உறைகிறது, ஆனால் ஸ்பீட் டெஸ்ட் எடுத்தால் முழு வேகம் காட்டுகிறது. கையில் சும்மா கிடக்கும் ராஸ்பெரி பை (உள்ளங்கை அளவு கணினி) ஒன்று இருக்கிறது.

இதற்கு ஸ்மோக்பிங் போதும். ஸாபிக்ஸ், லிப்ரஎன்எம்எஸ், காக்டி எல்லாம் நல்ல மென்பொருள்தான், ஆனால் பத்து இருபது சுவிட்சைக் கட்டி மேய்ப்பவர்களுக்கு. ஒரே ஒரு வீட்டு லைனுக்கு அவற்றைப் போட்டால் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வதே தனி வேலையாகிவிடும். ஸ்பீட் டெஸ்டில் உங்கள் பிரச்சினை ஏன் சிக்கவில்லை என்றால், அது சில விநாடிகளில் எவ்வளவு டேட்டா வருகிறது என்றுதான் பார்க்கிறது, அதுவும் பெரும்பாலும் ஐஎஸ்பிக்குப் (இணைப்புத் தரும் நிறுவனம்) பக்கத்திலேயே இருக்கும் சர்வரிலிருந்து. கால் உறைவதோ தாமதம் ஏறி இறங்குவதால், இல்லையென்றால் பாக்கெட் (டேட்டாவின் சிறு பொட்டலம்) தொலைவதால். ஸ்மோக்பிங் இந்த இரண்டையும் இரவு பகலாக அளந்துகொண்டே இருக்கும்.

ராஸ்பெரி பையை வைஃபையில் விடாதீர்கள். ரவுட்டரில் கேபிள் செருகுங்கள், இல்லையேல் வைஃபை தடுமாற்றம் எல்லா கிராஃபிலும் கலந்துவிடும். (ஆணைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.) டெபியன் வகை லினக்ஸ் என்றால் "சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஸ்மோக்பிங் எஃப்பிங் அப்பாச்சி2" போதும். கான்ஃபிக் கோப்புகள் "/எட்சி/ஸ்மோக்பிங்/கான்ஃபிக்.டி" ஃபோல்டரில் இருக்கும். நமக்கு வேண்டியவை டேட்டாபேஸ், டார்கெட்ஸ், பாத்நேம்ஸ் என்ற மூன்றுதான்.

நிறுவியதும் சர்வீஸ் கிளம்பாமல் "சென்ட்மெயில் கோப்பு இல்லை" என்று பிழை சொன்னால் பதற வேண்டாம். மெயில் சர்வர் இல்லாத மெஷினில் இது வழக்கம். பாத்நேம்ஸ் கோப்பில் சென்ட்மெயில் வரியின் முன்னால் ஒரு # போட்டுவிடுங்கள். மெயில் அலர்ட் இப்போதைக்குத் தேவையில்லை. வலைப்பக்கம் திறக்காமல் வெறும் நிரலாகக் கொட்டினால் அப்பாச்சி என்ற வெப் சர்வரில், நிரலை ஓட்டிப் பக்கமாக்கித் தரும் சிஜிஐ மாட்யூல் இயங்கவில்லை என்று பொருள். "ஏ2என்மாட் சிஜிஐடி" கொடுத்து அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்தது டேட்டாபேஸ் கோப்பு. பலரும் இதைத் தொடாமல் விட்டுவிட்டு ஒரு மாதம் கழித்து வருந்துவார்கள். அதில் ஸ்டெப் 300, பிங்ஸ் 20 என்று இருக்கும். அதாவது 5 நிமிடத்துக்கு ஒருமுறை, விநாடிக்கு ஒன்றாக 20 பிங் (பதில் கேட்டு அனுப்பும் சிறு பாக்கெட்). அளப்பது சுமார் 20 விநாடி, மீதி 280 விநாடி கண்ணை மூடிக்கொண்டிருக்கும். இரண்டு நிமிடம் லைன் செத்துப் பிழைத்தால் கிராஃபில் சுவடே இல்லாமல் போகலாம். உங்கள் பிரச்சினைக்கு ஸ்டெப்பை 60 ஆக்குங்கள்.

ஆனால் இதை முதல் நாளே செய்ய வேண்டும். ஸ்மோக்பிங் தரவை ஆர்ஆர்டிடூல் என்ற மென்பொருளின் ஆர்ஆர்டி கோப்புகளில் சேமிக்கிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே, டோபியாஸ் ஓட்டிகர். ஆர்ஆர்டி கோப்பு உருவாகும்போதே அதன் அளவு நிர்ணயமாகிவிடும். நிரம்பியதும் பழைய தரவின் மேலேயே சுற்றிச் சுற்றி எழுதும். பிறகு நீங்கள் ஸ்டெப்பையோ பிங் எண்ணிக்கையையோ மாற்றினால், கோப்பும் கான்ஃபிக்கும் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அப்போது பழைய ஆர்ஆர்டியை அழிப்பதுதான் எளிய வழி, சேர்த்த தரவும் அதோடு போய்விடும். இன்னொன்று, டேட்டாபேஸ் கோப்பில் முதல் வரிசைக்கு 28800 (வைத்திருக்கும் அளவீடுகளின் எண்ணிக்கை) என்று இருந்தால், 5 நிமிட ஸ்டெப்பில் அது 100 நாள் நுணுக்கத் தரவு, 1 நிமிட ஸ்டெப்பில் 20 நாள்தான். போதவில்லை என்றால் இப்போதே எண்ணை ஏற்றுங்கள். இடம் ஒரு பிரச்சினையே இல்லை, 28800 அமைப்பில் ஓர் இலக்குக்குச் சுமார் 12 எம்பிதான் ஆகும்.

இனி டார்கெட்ஸ். கூகுள் டிஎன்எஸ் ஒன்றை மட்டும் பிங் செய்துவிட்டு உட்கார்ந்தால் "எங்கோ இழுக்கிறது" என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. இலக்குகளைப் படிக்கட்டு மாதிரி அடுக்குங்கள். முதல் படி உங்கள் ரவுட்டர், 192.168.1.1 மாதிரி ஒரு முகவரி. இரண்டாவது ஐஎஸ்பியின் முதல் ஹாப், அதாவது வழியில் வரும் முதல் ரவுட்டர். வழியில் உள்ள ஹாப்களை வரிசையாகக் காட்டும் "எம்டிஆர் -என் 1.1.1.1" கொடுத்தால் ரவுட்டருக்கு அடுத்த வரியில் வருவது அதுதான். அது 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் (பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி தரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள், அளப்பதற்கு அது இடைஞ்சல் இல்லை. சில ஹாப்கள் எம்டிஆரில் தெரியும், நேரடியாகப் பிங் செய்தால் வாயைத் திறக்காது. அப்படியானால் அடுத்த ஹாப்பை எடுங்கள். மூன்றாவது 1.1.1.1, கிளவுட்ஃபிளேரின் பொது டிஎன்எஸ். நான்காவது நீங்கள் நிஜமாகவே பயன்படுத்தும் ஆபீஸ் விபிஎன் சர்வர்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு + குறி, அதற்குள் ஒவ்வொரு இலக்குக்கும் இரண்டு. அதன் கீழே மெனு, டைட்டில், ஹோஸ்ட் என்று மூன்று வரி. + குறிக்குப் பின் வரும் பெயரில் ஆங்கில எழுத்து, எண், - , _ தவிர எதுவும் கூடாது. 1.1.1.1 என்று புள்ளியோடு அங்கே எழுதினால் பிழை வரும், முகவரியை ஹோஸ்ட் வரியில்தான் எழுத வேண்டும். அந்தப் பெயர்தான் தரவுக் கோப்பின் பெயரும் ஆகும். பின்னால் அழகுக்காகப் பெயரை மாற்றினால் கிராஃப் வெறுமையிலிருந்து தொடங்கும். எழுதி முடித்ததும் "ஸ்மோக்பிங் --செக்" கொடுத்துப் பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரூட்டாக "--டீபக்" ஓட்டாதீர்கள். அப்போது உருவாகும் ஆர்ஆர்டி கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், பிறகு ஸ்மோக்பிங் என்ற யூசரில் ஓடும் சர்வீஸால் அவற்றில் எழுத முடியாது.

பையில் இன்னொரு வில்லங்கம் கடிகாரம். பை 4 வரைக்கும் உள்ள மாடல்களில் தனிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் இணையத்தில் நேரம் பிடிக்கும்வரை பழைய நேரத்திலேயே நிற்கும். கடைசியாக எழுதிய நேரத்துக்கு முந்தைய நேரத்தை ஆர்ஆர்டி ஏற்காது. லாகில் அப்டேட் நேரம் பற்றிய பிழை வரிசையாக வந்தால் முதலில் "டேட்" கொடுத்து மணியைச் சரிபாருங்கள்.

கிராஃபை எப்படிப் படிப்பது? நடுவில் ஓடும் கோடு 20 பிங்கின் இடைநிலை மதிப்பு. கோட்டின் நிறம் தொலைந்த பாக்கெட்டைச் சொல்லும். பச்சை என்றால் ஒன்றும் தொலையவில்லை, இழப்பு ஏற ஏற நீலம், ஊதா என்று போய்ச் சிவப்பில் முடியும். கோட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் படர்வதுதான் அந்தப் "புகை", அந்த 20 பிங்கும் தங்களுக்குள் எவ்வளவு சிதறின என்பதன் அளவு. கால் உறைவதற்குப் பெரும்பாலும் புகைதான் காரணம், கோடு அல்ல. 40 மில்லி விநாடியில் ஆடாமல் நிற்கும் லைனில் பேசலாம். 10-க்கும் 200-க்கும் இடையே குதிக்கும் லைனில் முடியாது.

கேபிளில் ரவுட்டர் கிராஃப் 1 மில்லி விநாடிக்குள் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். அதிலேயே புகை என்றால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் கோடு ஓட, மற்ற மூன்றும் வெற்றிடமானால் லைன் போயிருக்கிறது. நான்குமே வெற்றிடம் என்றால் பையோ ரவுட்டரோ அணைந்திருக்கலாம், இல்லை இடையிலுள்ள கேபிள் கழன்றிருக்கலாம். ரவுட்டரை இலக்கில் சேர்க்கச் சொன்னது இதற்கும்தான். முதல் ஹாப்பில் பாக்கெட் தொலைகிறது, ஆனால் 1.1.1.1 பச்சையாகவே இருக்கிறது என்றால் அதைக் கண்டுகொள்ளாதீர்கள். இடையில் இருக்கும் ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கும். ஒரு ஹாப்பில் தொடங்கிய இழப்பு அதற்குப் பின்னால் இருப்பவற்றிலும் தொடர்ந்தால்தான் அது நிஜம்.

ரவுட்டர் சுத்தம், முதல் ஹாப்பில் 8 மணியிலிருந்து புகை. இப்போது இரண்டு சந்தேகம். ஐஎஸ்பி பக்கம் நெரிசலாக இருக்கலாம்: ஜிபான் என்ற வகை ஃபைபரில் 2.488 ஜிபிபிஎஸ் டவுன்லோடையும் 1.244 ஜிபிபிஎஸ் அப்லோடையும் பல வீடுகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. அல்லது அந்த நேரத்தில் உங்கள் வீட்டு ஃபோன்களே போட்டோக்களை மேலேற்றி அப்லோடை நிரப்பி, ரவுட்டரில் வரிசை கட்ட வைத்திருக்கலாம். எளிய சோதனை: புகை கிளம்பும் நேரத்தில் பையைத் தவிர எல்லாவற்றையும் பத்து நிமிடம் துண்டியுங்கள். புகை அடங்கினால் குற்றவாளி வீட்டில். ரவுட்டரில் வரிசையை நீளவிடாத எஸ்க்யூஎம் வசதி இருந்தால் (ஓப்பன்டபிள்யூஆர்டியில் உண்டு) அளந்த வேகத்தில் சுமார் 90 சதவீதத்தை வரம்பாக வையுங்கள்.

வீட்டு லைன் எவ்வளவு நிரம்புகிறது என்பதைக் கிராஃபாகப் பார்க்க, ரவுட்டரில் எஸ்என்எம்பி (அதன் டேட்டாக் கணக்கைக் கேட்டு வாங்கும் வழி) இருந்தால் எம்ஆர்டிஜி போதும், 1995-லிருந்து இருக்கும் மென்பொருள். "சிஎஃப்ஜிமேக்கர்" கான்ஃபிக்கை அதுவே எழுதித் தரும். ஆப்ஷன்ஸில் "பிட்ஸ்" சேர்க்காவிட்டால் பைட்டில் வரையும், 100 எம்பிபிஎஸ் லைன் 12.5 என்று காட்டும். எஸ்என்எம்பி பதிப்பு 2-ஐக் கேளுங்கள். பதிப்பு 1-இல் கிடைக்கும் 32 பிட் கவுன்ட்டர் 114 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஓடினால் 5 நிமிடத்துக்குள்ளேயே ஒரு சுற்று முடித்துப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். நாளை 200 பிளானுக்கு மாறினால் கிராஃப் பொய் சொல்லும். யூடிஎஃப்-8 லொகேலில் (கணினியின் மொழி அமைப்பு) எம்ஆர்டிஜி ஓட மறுக்கும், ஆணைக்கு முன்னால் "என்வ் லாங்=சி" சேர்த்து ஓட்டுங்கள். முதல் இரண்டு ஓட்டத்தில் லாக் கோப்பு இல்லை என்று புலம்பும், மூன்றாவதில் அடங்கிவிடும்.

வீட்டில் ஒன்றும் இல்லை, ஐஎஸ்பிதான் என்று உறுதியானால் ரவுட்டர், முதல் ஹாப் இரண்டின் 30 மணி நேரக் கிராஃபையும் ஒரே நேரத்தில் எடுத்துப் புகாரோடு இணையுங்கள். 1.1.1.1 கிராஃபை மட்டும் அனுப்பினால் "அந்த சர்வரில் பிரச்சினை" என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள்.