ஐடில் டைம் போட்டும் செஷன் அசையவில்லை!

கேள்வி: சார், கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை என் பொறுப்பு. பச்சை இலை எடை, விவசாயிகள் பட்டுவாடா எல்லாம் ஆரக்கிள் 11ஜி டேட்டாபேஸில் ஓடுகிறது. சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் பாதிப் பதிவோடு திரையை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அந்தப் பதிவு லாக் ஆகி அடுத்தவர் கை கட்டி உட்கார வேண்டியிருக்கிறது. சும்மா கிடக்கும் செஷனை (யூசரின் லாகின் இணைப்பை) வெட்ட, ப்ரொஃபைலில் (யூசர்களுக்கான வரம்புகளின் தொகுப்பு) ஐடில் டைம் 15 நிமிடம் என்று போட்டேன், ஒரு மணி நேரமானாலும் ஒன்றும் நடக்கவில்லை. அதே ப்ரொஃபைலில் 'பாஸ்வேர்டு 3 முறை தவறினால் அக்கவுன்ட் லாக்' என்பது மட்டும் வேலை செய்கிறதே, எப்படி?

பதில்: அந்தக் கடைசி வரியை எழுதினீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. பாஸ்வேர்டு விதிகள் எப்போதும் அமலில் இருக்கும். ஐடில் டைம் மாதிரியான வரம்புகளோ 'ரிசோர்ஸ்_லிமிட்' என்ற பாராமீட்டர் ட்ரூவாக இருந்தால்தான் செல்லும். உங்கள் 11ஜி-யில் அது தொடக்கத்தில் ஃபால்ஸ் (12.1.0.2 பதிப்பு முதல்தான் ட்ரூவாக வருகிறது). 'ஆல்டர் சிஸ்டம்' கட்டளை கொடுத்து ட்ரூவாக மாற்றிவிடுங்கள், ரீஸ்டார்ட் வேண்டாம். ஆனால் சர்வர் எழும்போது படித்த செட்டிங்ஸ் ஃபைல் எஸ்பிஃபைலா (கட்டளையில் செய்த மாற்றம் அதிலேயே பதிவாகும்), பழைய பிஃபைலா (வெறும் டெக்ஸ்ட் ஃபைல்) என்று ஒரு தடவை பாருங்கள். பிஃபைல் என்றால் அதிலும் கையால் எழுதிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்குக் கரண்ட் போய் வந்ததும் பழைய கதைதான்.

சரி, மாற்றியாயிற்று. 15 நிமிடம் சும்மா இருந்த செஷனின் பாதிப் பதிவு ரோல்பேக் ஆகும் (சேவ் செய்யாதது நீங்கிவிடும்), லாக் விலகும், அடுத்தவர் வேலையைத் தொடரலாம். ஆனால் செஷன்களைக் காட்டும் வி$செஷன் பட்டியலில் அந்த ஆள் 'ஸ்னைப்டு' (வரம்பு மீறி வெட்டப்பட்டவர்) என்று இன்னும் தெரிவார். பயப்படாதீர்கள், அவர் திரும்பி வந்து ஏதாவது கீயைத் தட்டி ஓஆர்ஏ-02396 (ஐடில் நேரம் மீறிவிட்டது) என்ற எர்ரரை வாங்கிய பிறகுதான் முழுதாகப் போவார். தட்டச்சு செய்ததெல்லாம் போச்சே என்று உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்கள், அதனால் எழுந்து போகும் முன் சேவ் செய்யச் சொல்லி இன்றே போர்டில் எழுதிப் போடுங்கள். அரை மணி நேரம் ஓடும் பட்டுவாடா ரிப்போர்ட் நடுவில் அறுந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம், க்வெரி ஓடும் நேரம் ஐடில் கணக்கில் சேராது.

அப்புறம், பிசியே அணைந்துபோய் தொங்கும் இணைப்புகளுக்கு இது மருந்தல்ல. அதற்கு சர்வரின் எஸ்க்யூஎல்நெட் ஃபைலில் (நெட்வொர்க் செட்டிங்ஸ் ஃபைல்) எக்ஸ்பயர்_டைம் 10 போடுங்கள், 10 நிமிடத்துக்கு ஒருமுறை மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும்.