பூட்டிய வீட்டுக்கு இரண்டரை மடங்கு வரி

கேள்வி: என் அக்கா மகன் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸ் கடற்கரையில், குவினெத் மாவட்டத்தில், விடுமுறைக்குப் போய்த் தங்க ஒரு சின்ன வீடு வாங்கியிருக்கிறான். வருஷத்துக்கு 20 நாள் அங்கே இருந்தால் அதிகம். குப்பை போடுவதில்லை, பிள்ளைகள் அங்கே படிக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவதைப் போல இரண்டரை மடங்கு வரி கேட்கிறார்கள். குறைவாக அனுபவிக்கிறவனிடம் அதிகமாகப் பிடுங்குவது என்ன நியாயம் ஐயா?
- வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: நியாயம்தான். நீங்கள் சொல்லும் அந்த 20 நாள்தான் அதற்குக் காரணம். மீதி 345 நாள் அந்த வீட்டில் விளக்கு எரிவதில்லை. அதே ஊரில் பிறந்து, அங்கேயே வேலை பார்த்து, வாடகைக்குக்கூட வீடு அகப்படாமல் பெற்றோர் வீட்டு மாடியறையில் காலம் தள்ளும் ஓர் இளம் தம்பதி அந்தப் பூட்டைத் தினமும் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆண்டுக்கு 2,000 பவுண்டு கவுன்சில் டேக்ஸ் (அங்கே உள்ளாட்சிக் கவுன்சில் வசூலிக்கும் வீட்டு வரி) வரும் வீடு என்று வையுங்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர் 2,000 கட்டுவார். அதை இரண்டாவது வீடாக வைத்திருப்பவர் மேற்கொண்டு 150 சதவீதம், அதாவது இன்னொரு 3,000 சேர்த்து 5,000 கட்ட வேண்டும். இது ராத்திரியோடு ராத்திரியாகத் தலையில் கட்டிய சுமை இல்லை. வேல்ஸில் 2014-ல் சட்டம் வந்தது. 2017 ஏப்ரல் முதல் உள்ளாட்சிகள் 100 சதவீதம் வரை கூடுதலாக வசூலிக்கலாம் என்றார்கள். 2023 ஏப்ரலில் உச்சவரம்பு 300 ஆனது. குவினெத் 2018-ல் 50 என்று தொடங்கி, 2021-ல் 100, 2023-ல் 150 என்று படிப்படியாகத்தான் ஏறியது. இங்கிலாந்திலும் 2025 ஏப்ரல் முதல் இரட்டிப்பு வரி வசூலிக்கும் அதிகாரம் கவுன்சில்களுக்கு வந்துவிட்டது.

1993-ல் இந்த வரி வந்தபோது நிலைமை தலைகீழ். யாருக்கும் நிரந்தர வீடாக இல்லாத வீட்டுக்குப் பாதி வரி தள்ளுபடி! இரண்டு வீடு வைத்திருந்தவருக்குச் சலுகை, ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியவருக்கு முழு வரி. அநியாயம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

குப்பை போடவில்லை, பள்ளிக்கு அனுப்பவில்லை என்கிறீர்கள். கரண்ட் பில்லுக்கு அந்த வாதம் சரி. ஓடிய யூனிட்டுக்குக் காசு. வீட்டு வரி அப்படியில்லை. பள்ளி என்ற பேச்சை நீங்களே எடுத்ததால் அபெர்சோக் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். அதே குவினெத்தில் இருக்கிற கடலோர ஊர். கோடையில் படகும் கூட்டமுமாக இருக்கும். குளிர்காலத்தில் வரிசையாகப் பூட்டிய வீடுகள். 1924-ல் தொடங்கிய அந்த ஊர்த் தொடக்கப்பள்ளியை 2021 டிசம்பரில் மூடிவிட்டார்கள். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பிள்ளைகள் மிஞ்சியிருந்தார்கள். அவர்கள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டியதாயிற்று. வீடு இருந்தும் குடும்பம் இல்லாத ஊரில் பள்ளிக்கு எங்கிருந்து பிள்ளை வரும்? உங்கள் அக்கா மகன் தன் பிள்ளைகளை அங்கே சேர்க்காததை அரசுக்கு மிச்சம் என்று நினைக்கிறீர்கள். அந்த ஊருக்கு அது நஷ்டம்.

இதில் மொழியும் இருக்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் முழுவதும் வேல்ஷ் பேசுவோர் 17.8 சதவீதம், குவினெத்தில் மட்டும் 64.4. கடைத்தெருவிலும் கவுன்சில் அலுவலகத்திலும் அந்த மொழி புழங்கும் கடைசி இடங்களில் ஒன்று அது. அங்கிருந்து இளம் குடும்பங்கள் வெளியேறினால் வேறு எந்த ஊரிலும் அந்த மொழிக்கு அப்படி ஒரு வீடு அமையாது. இந்தக் கோபத்தில் 1979 முதல் பத்து ஆண்டுக்கும் மேலாக இந்த விடுமுறை வீடுகளுக்கு வேல்ஷ் தேசியவாதிகள் சிலர் தீ வைத்தார்கள், இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். அதை யாரும் ஆதரிக்க முடியாது. 2020 செப்டம்பரில் இதே பிரச்சினைக்காக, குவினெத்தின் நெவின் ஊர்க் கவுன்சிலர்கள் சுமார் 20 மைல் நடந்தே கெர்னார்வன் போய் மாவட்டக் கவுன்சில் வாசலில் நின்றார்கள். தீப்பெட்டியைத் தூக்கிய கோபம் வாக்கெடுப்புக்கும் வரிக்கும் வந்து சேர்ந்ததை நான் மனதார வரவேற்கிறேன்.

அப்புறம், வரி ஏறியதும் பலர் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். "இது வீடு இல்லை, சுற்றுலா வாடகைத் தொழில்" என்று பதிவு செய்தால் கவுன்சில் டேக்ஸ் போய் வணிக வரி வரும். வேல்ஸில் வரி மதிப்பு 6,000 பவுண்டுக்குள் இருக்கும் சிறு தொழிலுக்கு அந்த வணிக வரியும் முழுத் தள்ளுபடி. ஆக, பைசா கட்ட வேண்டாம். முன்பு வருஷத்தில் 70 நாள் வாடகைக்கு விட்டிருந்தாலே போதும். 2023 ஏப்ரலில் அதை 182 நாளாக்கினார்கள். சந்து அடைபட்டது சரிதான். ஆனால் மழையும் குளிருமாக இருக்கிற ஊரில் 182 நாள் விருந்தினர் பிடிப்பது லேசில்லை. உண்மையிலேயே அதை வைத்துப் பிழைக்கும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டார்கள். அந்த எண்ணிக்கை அதிகம் என்பது என் கருத்து. விகிதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. வேல்ஸின் இன்னொரு மாவட்டமான பெம்புரோக்‌ஷயர் 2024-ல் 200 சதவீதம் வரை போய், அடுத்த ஆண்டே 150-க்கு இறங்கி வந்தது.

உங்கள் அக்கா மகனிடம் இதைச் சொல்லுங்கள். வீட்டை நியாயமான விலைக்கு விற்பனைக்கோ வாடகைக்கோ விளம்பரம் செய்தால், கூடுதல் வரியிலிருந்து ஓராண்டு வரை விலக்கு கிடைக்கும். அங்கேயே வாழும் குடும்பம் ஒன்றுக்கு நிரந்தர வாடகைக்கு விட்டுவிட்டால், குடியேறிய நாளிலிருந்து அந்த 150 சதவீதம் கிடையாது. சாதாரண கவுன்சில் டேக்ஸையும் குடியிருப்பவரே கட்டிவிடுவார். 20 நாள் கடல் பார்க்க, அதே ஊரில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொள்ளலாம்.