போர்ட்டோவை இ-பைக்கில் சுற்றலாமா? வயது 50-ஐத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு

மகனைப் பார்க்கப் போர்ச்சுகல் போகிறீர்கள், போர்ட்டோவில் ஒரே ஒரு நாள், கைடு கூட்டிப்போகும் இ-பைக் (மோட்டார் உதவியோடு ஓடும் சைக்கிள்) சுற்றுலாவில் சேரலாமா, இல்லை அது சோம்பேறிகள் ஓட்டும் வண்டியா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில்: சைக்கிள் ஓட்டத் தெரியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். (ஓட்டும்போது கண்ணைத் திறந்துகொள்ளுங்கள்.) இவ்வளவு நீளமாக எழுதுவது அந்த இரண்டாம் பாதிக்காக.

சோம்பேறி என்று உங்களிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. என்னிடமும் சொன்னார்கள். வீட்டிலேயே.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்கு 19 வயது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். எங்கள் ஊரில் லேடீஸ் சைக்கிள் ஏது? பார் வைத்த ஆம்பளை சைக்கிளை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து, முதலில் குரங்குபெடல், அப்புறம் சீட். பாவாடை செயினில் மாட்டிக் கிழிந்ததற்கு அம்மா திட்டியதைவிட, டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அடித்த கமெண்ட்தான் அதிகம். அப்படிக் கற்றுக்கொண்டவளிடம் வந்து எது உண்மையான சைக்கிள், எது ஏமாற்று என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: இ-பைக் மொபெட் இல்லை. பெடலை மிதித்தால்தான் மோட்டார் கைகொடுக்கும், நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக்கூடாது, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி கட். மேட்டில் யாரோ பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கும், அவ்வளவுதான். மிதிப்பது நம் கால்தான்.

போர்ட்டோவுக்கு அந்தக் கை வேண்டும். டோரு ஆற்றின் கரையில் கருங்கல் பாறைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிற ஊர் அது. கதீட்ரல் மேலே, ஆற்றங்கரையான ரிபெய்ரா கீழே, நடுவில் படிக்கட்டும் செங்குத்துச் சந்தும். நடந்தே பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பஸ் இருக்கிறது, ரோப் ரயில் இருக்கிறது, தெரியும். ஆனால் நினைத்த இடத்தில் காலை ஊன்றி நின்று பார்க்க முடியாது.

நாங்கள் ஏழு பேர். என் மகள்தான் பதிவு செய்தாள். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள், விளம்பரம் என்பீர்கள். கைடு இருபத்தைந்து வயதுப் பையன். பூட்டைத் திறந்து சாவியைக் காட்டி அவன் சொன்ன சொல் ஏறக்குறைய 'ஷாவ்'. நான் 'சாவி' என்றேன். அவன் முழித்தான். மாடி ஜன்னலைக் காட்டி 'ஜன்னல்' என்றேன். அவர்களுடைய போர்ச்சுகீசிய மொழியில் 'ஜனெலா'. நம் வீட்டில் பாதிச் சாமான் இவர்கள் கொடுத்த பெயரோடுதான் இருக்கிறது என்று மகள் ஆங்கிலத்தில் விளக்க, அதற்கப்புறம் நாள் முழுக்க ஒவ்வொரு பொருளாகக் காட்டி 'இது?' என்று கேட்டுக்கொண்டே வந்தான். மேசைக்கும் அலமாரிக்கும் அவனுக்கு ஒரே சந்தோஷம்.

மேலே சாவ் பெந்து ரயில் நிலையம், உள்ளே ஜோர்ஜ் கொலாசு வரைந்த சுமார் 20,000 நீல வெள்ளை ஓடுகள். அப்புறம் 75 மீட்டர் உயரக் கிளேரிகுஸ் கோபுரம். இரண்டும் எல்லா வழிகாட்டியிலும் இருக்கும், விடுங்கள். டோரு ஆற்றின் குறுக்கே இருக்கிற தோம் லூயிஸ் பாலத்தைப் பற்றி மட்டும் ஒன்று. அது பாரிஸ் கோபுரப் புகழ் ஈஃபில் கட்டியது என்று கீழே கமெண்டில் யாராவது எழுதத்தான் போகிறீர்கள். இல்லை. 1886-ல் திறந்த இந்தப் பாலத்தை வடிவமைத்தவர் தெயோஃபில் செய்ரிக், ஈஃபிலோடு முன்பு கூட்டாளியாக இருந்தவர். ஈஃபில் கம்பெனி கட்டியது ஆற்றில் கொஞ்சம் மேலே தள்ளி இருக்கிற மரியா பியா ரயில் பாலம், 1877.

நான் மறக்காதது ரிபெய்ராவில் சுவரில் பதித்த ஒரு வெண்கலப் பலகை. 1809 மார்ச் 29 அன்று நெப்போலியனின் தளபதி சூல்ட்டின் படை ஊருக்குள் நுழைய, ஜனங்கள் ஆற்றைக் கடக்க ஓடினார்கள். அப்போது இருந்தது படகுகளைச் சேர்த்துக் கட்டிய பாலம். கூட்டம் தாங்காமல் அது உடைந்து, ஏராளமானவர்கள் ஆற்றோடு போனார்கள். பலகைக்குக் கீழே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. இருநூறு வருஷத்துக்கு அப்புறமும் யாரோ வந்து ஏற்றுகிறார்கள். பஸ்ஸில் போயிருந்தால் அதைத் தாண்டிப் போயிருப்பேன்.

இனி என் முட்டாள்தனங்கள், உங்களுக்கு உதவும். சிக்னலில் நிற்கும்போது பெடல்மேல் காலை அழுத்தி வைக்காதீர்கள். நான் வைத்தேன். வண்டி எகிறி முன்னால் நின்றவரின் பின் சக்கரத்தில் முட்டியது. இரண்டாவது, ஆற்றங்கரை ரோட்டில் பழைய டிராம் ஓடுகிறது. தண்டவாளத்தைக் குறுக்காக, நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கிவிடும் என்று கைடு இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்வதற்குள் விழுந்துவிட்டேன். முழங்கை சிராய்ப்பு மட்டும்தான். தப்பு என்னுடையது. கிளம்புமுன் எந்தப் பிடி எந்தச் சக்கரத்துப் பிரேக் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அது ஊருக்கு ஊர் மாறும். வண்டியும் நம் சைக்கிளைவிட ரொம்பக் கனம், படியில் தூக்க நினைக்காதீர்கள்.

விழுந்தபோது நினைவுக்கு வந்தது என் பழைய சைக்கிள்தான். அறிவொளிக்கு அப்புறம் தையல் காசில் சொந்தமாக வாங்கியது, ஹேண்டில்பாரில் குஞ்சம் கூட உண்டு. கல்யாணமாகி ஆறாம் மாதம், 'தம்பி காலேஜ் போகணும், உனக்கெதுக்கு?' என்று என் கொழுந்தனுக்குக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பூட்டாமல் விட்டுத் தொலைத்துவிட்டு வந்தார். ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. போலீசில் எழுதிக்கொடுக்கலாம் என்றேன், 'ஒரு சைக்கிளுக்கா?' என்றார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இருக்கட்டும்.

விழுந்த பிறகும் ஓட்டினேன். அராபிடா பாலத்துக்கு அடியில் (1963-ல் கட்டியபோது உலகிலேயே நீளமான கான்கிரீட் வளைவு) காற்று மாறியது. அங்கிருந்து கடலோரப் பகுதியான ஃபோஸ் வரை சமதளம், மோட்டார் உதவியை அணைத்துவிட்டேன். ஆறு அட்லாண்டிக்கில் கலக்கிற இடத்தில் கலங்கரை விளக்கம், அதன்மேல் அலை ஏறி அடிக்கிறது. திரும்பும்போது கதீட்ரல் மேட்டில் உதவியைக் கடைசி அளவுக்கு வைத்தேன். சாதா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிய ஒரு வாலிபரை ஓவர்டேக் செய்தேன். ஆமாம், மோட்டாரோடுதான்.

சைக்கிளே தெரியாதென்றால் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கருங்கல் பாவிய தெருவும் தண்டவாளமும் பழகுகிற இடமில்லை.

கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் வண்டியோடு மகள் எடுத்த படத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். 'மோட்டார் வெச்ச சைக்கிளா? சோம்பேறி அண்ணி' என்று சிரிப்பு பொம்மையோடு முதலில் எழுதியது கொழுந்தன்தான். பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று: 'அண்ணி, இந்த வண்டி என்ன விலை?'

இன்னும் பதில் போடவில்லை.