நண்டுக்கு ஜோடி கொண்டல்

அன்புள்ள அக்காவுக்கு,

மண்டபத்துக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். 3 வயதிலிருந்து 5 வயது வரை 16 பிள்ளைகள். சங்கு வீடு தேடிப் போகிற நண்டைப் பற்றி நீங்கள் எழுதிய படப்புத்தகம்தான் எங்கள் பிள்ளைகளுக்கு உயிர். அட்டை பிய்ந்து இரண்டு தடவை ஒட்டிவிட்டேன். "நண்டு வந்தது வீடு தேடி, கண்டுகொண்டது காலிச் சங்கை" என்று நான் ஆரம்பித்தால் போதும், "சங்கு சின்னது, கால் நுழையல, எங்கு போவேன் என்றது நண்டு" என்று அடுத்த பக்கத்தை அவர்களே கத்திச் சொல்லிவிடுகிறார்கள்.

இதை வைத்து ஜோடிச் சொல் விளையாட்டு ஒன்று தொடங்கினேன். நண்டுக்கு ஜோடி கேட்டதும் வண்டு, துண்டு, குண்டு என்று வந்தது. ஒரு பையன் எழுந்து "கொண்டல்" என்றான், கிழக்குக் காற்றை இங்கே அப்படித்தான் சொல்வோம். அன்றைக்குப் பார்வையிட வந்திருந்த ஒருவர், "கடைசி ஓசை ஒத்து வரணும், கொண்டல் தப்பு. இங்கிலீஷ் ரைம்ஸ் மாதிரி சொல்லிக்குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பையன் விளையாட்டுக்கே வருவதில்லை. அவன் சொன்னது தப்பா அக்கா?

இன்னொரு பிள்ளை, 4 வயது. வீட்டில் நன்றாகப் பேசுகிறாள், இங்கே வந்தால் வாய் திறப்பதில்லை. அவளை எப்படிச் சேர்த்துக்கொள்வது? சாமான் வாங்கக் காசு கிடையாது. கையில் இருப்பதை வைத்துச் செய்கிற மாதிரி இன்னும் சில விளையாட்டு சொல்லுங்கள். என் பெயர் போட வேண்டாம்.

*

அன்புத் தங்கைக்கு,

அந்தப் பையன் சொன்னது சரி. நாளைக் காலையில் முதல் வேலையாக, மற்ற பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போதே அவனிடம் இதைச் சொல்லிவிடுங்கள். எல்லோர் முன்னாலும்தானே அவனைத் தப்பு என்றார்கள்.

நண்டு, கொண்டல். இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'ண்'. முதல் எழுத்து இரண்டிலும் குறில். இதைத்தான் எதுகை என்கிறோம். முதல் குறளைச் சொல்லிப் பாருங்கள். முதல் அடி 'அகர' என்று தொடங்குகிறது, இரண்டாம் அடி 'பகவன்' என்று தொடங்குகிறது. முதல் அடி முடிவது 'ஆதி'யில், இரண்டாவது முடிவது 'உலகு' என்று. கடைசியில் ஒத்துப்போகிற ஓசை எதுவும் இல்லை. ஆனாலும் காதில் அது பாட்டாகத்தான் விழுகிறது. கடைசி ஒத்து வருவதற்கும் நம்மிடம் இயைபு என்று பெயர் உண்டு, அதுவும் அழகுதான். ஆனால் தமிழ்ப் பாட்டைத் தூக்கி நிறுத்துவது அடியின் தலைப்பக்கம். வந்தான், போனான், தின்றான் என்று நம் வினைச்சொற்கள் எல்லாம் கடைசியில் தானாகவே ஒத்துப்போய்விடும். சும்மா கிடைப்பதில் பிள்ளையின் காதுக்கு என்ன வேலை? வண்டு, துண்டு என்று சொன்ன பிள்ளைகளும் சரிதான். அவை மூன்றெழுத்துக்கு மேல் ஓடாத சொற்கள், எதுகையும் இயைபும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. கொண்டலில்தான் இரண்டும் பிரிகின்றன. 'ல்' என்ற வாலை விட்டுவிட்டு, தலைப்பக்கத்து ஓசையை மட்டும் பிடித்திருக்கிறான் அவன். அந்தச் சொல்லை அவன் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. கொண்டலா, மேற்கிலிருந்து வரும் கச்சானா என்று பார்த்துவிட்டு வீட்டில் பெரியவர்கள் கடலுக்குப் போவதைப் பற்றிப் பேசியிருப்பார்கள், அங்கிருந்து எடுத்திருக்கிறான். இதைவிட நல்ல காது எந்தப் பிள்ளைக்கு வேண்டும்!

இனி விளையாட்டுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்ததை முதலில் சொல்கிறேன். பிள்ளைகளை மணலில் வரிசையாக நிற்க வையுங்கள். எல்லோரும் நண்டு. நீங்கள் 'கல்' என்றால் நின்ற இடத்திலேயே ஒரு குதி. 'கால்' என்றால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நீளமாக ஓர் எட்டு. பல், பால். படம், பாடம். எடு, ஏடு. கடைசியில் விடு, வீடு. வீடு என்றதும் ஓடிப்போய், முன்னாலேயே மணலில் கீறிவைத்த வட்டத்துக்குள் நுழைந்துகொள்ள வேண்டும். குறில், நெடில் என்ற பெயர்களை இப்போது சொல்ல வேண்டாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை என்பதை அவர்கள் கால் முதலில் தெரிந்துகொள்ளட்டும். ஜோடிச் சொல் விளையாட்டுக்கும் இதுதான் அஸ்திவாரம். வலைக்கு இலை ஜோடி, ஓலை ஜோடி இல்லை. ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், குதித்துப் பழகிய பிள்ளை 'ஓலை' என்று கேட்டதும் முகத்தைச் சுளிக்கும். அந்தச் சுளிப்பைப் பார்க்கவே இந்த விளையாட்டை ஆடலாம்.

அடுத்தது பாலம். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நடுவில் இரண்டாகப் பிரிந்து கதவு மாதிரித் திறந்து கப்பலுக்கு வழி விட்டது. உங்கள் வயதுக்காரர்கள் பார்த்தது அதைத்தான். 2025-இல் திறந்த புதுப் பாலத்தில் நடுப்பகுதி அப்படியே நேராக மேலே ஏறுகிறது. இரண்டு பிள்ளைகள் ஒரு துண்டை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொள்ளட்டும், அதுதான் பாலம். மற்றவர்கள் படகுகள். பாலம் ஒரு சொல் கேட்கும், படகு அதற்கு ஜோடி சொன்னால் துண்டு நேராக மேலே ஏறும், படகு குனியாமல் உள்ளே போகலாம். சொல் வரவில்லை என்றால் படகை வெளியே நிறுத்திவைக்காதீர்கள். பின்னால் நிற்கும் படகுகள் எல்லாம் சேர்ந்து சொல்லிக் கொடுக்கட்டும். அர்த்தமே இல்லாத சொல்லைச் சொன்னாலும் பாலம் ஏற வேண்டும். படகுக்கு ஜோடியாக ஒரு பிள்ளை 'மடகு' என்றால் அப்படி ஒரு சொல் அகராதியில் கிடையாதுதான், ஆனால் காது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.

பேசாத அந்தக் குழந்தைக்கு ஒரு துணிப்பை போதும். உள்ளே கிழிந்த வலைத்துண்டு, ஒரு இலை, ஒரு சங்கு, காய்ந்த பாசி, வலை பின்னுகிற பிளாஸ்டிக் ஊசி, நுங்குக் காலத்தில் ஒரு நுங்கு. வலைக்கு இலை, சங்குக்கு நுங்கு, பாசிக்கு ஊசி. வாயால் சொல்ல வேண்டியதே இல்லை. நீங்கள் சங்கை எடுத்துப் பெயரைச் சொன்னால் அவள் பைக்குள் கைவிட்டுத் துழாவி நுங்கை எடுத்து உங்கள் மடியில் வைத்தால் ஆயிற்று. தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் இப்படி ஒரு பிள்ளையோடு உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் ஒரு வார்த்தை இல்லை. வலைத்துண்டை எடுத்து அதன் கண்ணிகளில் ஒவ்வொரு விரலாக நுழைத்தாள், இழுத்தாள், மறுபடி நுழைத்தாள். பிறகு அதைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். வலை, தலை! நான் கை தட்டினேன். அவளும் தட்டினாள். சொல்லாமலே அவள் எதுகை போட்டுவிட்டாள். உங்கள் பிள்ளையும் இப்படி ஏதாவது செய்வாள், அப்போது 'வாயால சொல்லு' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

சங்கு பொறுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே நண்டு குடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள். வளர வளர அதற்குப் பெரிய சங்கு தேவைப்படும், கரையில் கிடக்கிற காலிச் சங்குதான் அதற்கு வீடு. ஒன்றிரண்டு போதும், விளையாடி முடித்ததும் பிள்ளைகள் கையாலேயே கரையில் கொண்டுபோய்ப் போடச் சொல்லுங்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கமே அதுதானே. பவளத் துண்டு மட்டும் கூடவே கூடாது, அதை எடுப்பது சட்டப்படி குற்றம்.

முதல் எழுத்து ஒத்து வரும் மோனைக்குத் தனியாக விளையாட்டு வேண்டியதில்லை, வரிசையில் நிற்கும்போது சொல்லலாம். "பாம்பன் பாலத்துல பாட்டி பாய் விரிச்சா" என்று நீங்கள் எடுத்துக் கொடுத்தால் அவர்கள் பாட்டியின் பக்கத்தில் பானை, பால், பாம்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து உட்காரவைத்துவிடுவார்கள். கரும்பலகையில் எதையும் எழுதாதீர்கள். எழுத்தைப் பார்த்துவிட்டால் கண் முன்னே போய்விடும், காது பின்தங்கிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்பாக்கள் கரையில் இருப்பார்கள். வாரத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டு மீன் பெயர்கள் சொல்லச் சொல்லுங்கள். சாளைக்கு ஜோடி காளை, பாறைக்கு ஜோடி கூறை. அப்பா சொன்ன மீனுக்குத் தன் பிள்ளை ஜோடி கண்டுபிடிப்பதை அவர் ஒருமுறை பார்த்துவிட்டால், அன்று ராத்திரி வீட்டிலும் இந்த விளையாட்டு நடக்கும். புத்தகம் இன்னும் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, கைபேசியிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றே நண்டுக் கதைக்குப் புதிதாக ஒரு பக்கம் எழுதினேன். காற்று அடிக்கும்போது சங்குக்குள் இருக்கும் நண்டு தன் பெரிய கொடுக்கால் வாசலை அடைத்துக்கொள்ளுமே, அந்தப் பக்கம்:

கொண்டல் அடித்தது, மணல் பறந்தது;
நண்டு இழுத்துக் கதவைச் சாத்திற்று.

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இது அவன் கொடுத்த சொல் என்று சொல்லி வாசித்துக் காட்டுங்கள். எங்கேயாவது ஓசை இடிக்கிறது என்று சொன்னால் அதையும் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா