காளானைச் செடிபோல அழுத்தலாமா?

கேள்வி: கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன். ஐப்பசி மழையில் எங்கள் தென்னந்தோப்பில் முளைத்த காளான்களைப் பிடுங்கி, செடிகளைப் போலவே செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்தினேன். கருத்துக் குழைந்து புழு வைத்துவிட்டது. ஹெர்பேரியத்தில் (உலர்ந்த மாதிரிகளைப் பாதுகாக்கும் தொகுப்பகத்தில்) ஏற்கும்படி எப்படிச் சேகரிப்பது?

பதில்: காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அழுத்தினால் சாறுதான் வரும். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுவல்ல, ‘பிடுங்கி’ என்ற சொல். புற்றுக்காளானைப் பிடுங்கிப் பாருங்கள், பாதியில் ஒடியும். அதன் காம்பு வேர்போல நீண்டு மண்ணுக்கடியில் கறையான் கூடுவரை போகிறது. டெர்மிடோமைசிஸ் (புற்றுக்காளான் பேரினத்தின் அறிவியல் பெயர்) என்று அடையாளம் சொல்ல அந்த வால் வேண்டும். அமானிட்டா என்ற காளான் பேரினத்தில் காம்படியில் முட்டைத்தோடு போன்ற உறை இருக்கும், அதுவும் மண்ணில் தங்கிவிடும். கத்தியால் சுற்றிலும் தோண்டி முழுசாக எடுங்கள். மொட்டும் விரிந்ததுமாக ஒரே இடத்தில் உள்ளவற்றை ஒரே சேகரிப்பு எண்ணில் சேருங்கள். பத்தடி தள்ளி முளைத்தது ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு எண்தான்.

எடுக்கும் முன்பே படம் பிடியுங்கள்: குடையின் மேற்புறம், அடியில் தகடு தகடாக உள்ள செவுள்கள், காம்படி, பக்கத்தில் ஓர் அளவுகோல். காய்ந்தபின் நிறம், மணம், பிசுபிசுப்பு எதுவும் மிஞ்சாது. அதனால் முளைத்தது மண்ணிலா, மட்டையிலா, சாணத்திலா, அருகில் என்ன மரம், வெட்டினால் சதை நீலமாகிறதா, தேதி, ஜிபிஎஸ், கடல்மட்ட உயரம் என எல்லாவற்றையும் அங்கேயே எழுதுங்கள். ‘வீட்டுக்குப் போய் எழுதலாம்’ என்று நான் விட்ட மாதிரிகள் பல இன்றும் பெயரில்லாமல் கிடக்கின்றன.

பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்து அழுகும். தாளில் பொட்டலம் கட்டிக் கூடையில் வையுங்கள்.

அன்றிரவே ஸ்போர் அச்சு எடுங்கள், அதாவது செவுள்களிலிருந்து உதிரும் வித்துப்பொடியின் படிவு. குடையைக் காம்பிலிருந்து நறுக்கி, செவுள் கீழே இருக்கும்படி, பாதி வெள்ளை பாதி கறுப்பான தாளில் வைத்து டம்ளரால் மூடினால் காலையில் பொடி படிந்திருக்கும். மழைக்குப்பின் புல்தரையில் வளையமாக முளைக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸின் குடை வெள்ளை, பொடியோ மங்கிய பச்சை. உண்ணக்கூடியது என்று நம்பித் தின்று வாந்தியில் விழுந்தவர்கள் உண்டு. அச்சுத்தாளையும் மாதிரியோடே வையுங்கள்.

உலர்த்த வெயிலை நம்பாதீர்கள், ஐப்பசியில் அது வராது. காற்று சுழலும் டிரையரில் 40 முதல் 45 டிகிரி செல்சியஸ். தடித்தவற்றை இரண்டாகப் பிளந்து வையுங்கள். அதற்குமேல் சூடேற்றினால் வெந்துவிடும், டிஎன்ஏவும் கெடும். முறுக்குபோல ஒடியும்வரை விடுங்கள். (வீட்டு டிரையர் என்றால் அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள், நச்சுக் காளான் உலர்ந்த தட்டு மறுபடி சமையலறைக்குப் போகக்கூடாது.) பிறகு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஜிப் கவரில் இட்டு, பூச்சி முட்டைகள் சாக ஒரு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். எண்ணைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் பரவும்.

தோப்பு உங்களுடையது, சிக்கலில்லை. காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி முதலில். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையிலும், புனே அகார்கர் ஆய்வு நிறுவனத்தின் அஜ்ரேகர் ஹெர்பேரியத்திலும் பூஞ்சைத் தொகுப்புகள் உள்ளன. எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஒரு பாதியை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள், தபாலில் நொறுங்குவதுண்டு.