எகிப்தியக் கடவுள்களில் யாருக்குச் சக்தி அதிகம்?

கேள்வி: பண்டைய எகிப்தியக் கடவுள்களில் அதிக சக்தி வாய்ந்தவர் யார்? ராவா, ஒசைரிஸா, ஐசிஸா?

இதற்கு இணையத்தில் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் வீடியோ கேம் பாத்திரங்களுக்கு மார்க் போட்டது போலத்தான் இருக்கும். ரா சூரியன், அதனால் முதலிடம், அப்புறம் மற்றவர்கள் என்று வரிசை போகும். எகிப்தியர்களிடம் அப்படி நிலையான வரிசை எதுவும் இருக்கவில்லை. உலகத்தைப் படைத்தது யார் என்று கேட்டால் மெம்பிஸ்காரர் ப்தா என்பார், ஹீலியோபொலிஸ்காரர் ஆட்டும் என்பார், தீப்ஸ்காரர் அமுன் என்பார். இதற்காக ஊருக்கு ஊர் சண்டை போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

சொத்தை வைத்துப் பார்த்தால் பதில் சுலபம்: அமுன்-ரா. தொடக்கத்தில் அமுன், இன்று லக்சர் எனப்படும் தீப்ஸ் பக்கத்துக் கடவுள், அவ்வளவுதான். கி.மு. 1550 வாக்கில் தீப்ஸ் அரச குடும்பம், வெளியிலிருந்து வந்த ஹிக்சோஸ் என்பவர்களின் ஆட்சியை விரட்டி நாட்டைப் பிடித்தபோது, அவர்கள் ஊர்க் கடவுளும் நாட்டின் கடவுளாக உயர்ந்துவிட்டார். பழைய பெரிய பெயரான ராவோடு ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்ததும் உதவியது. மன்னர் மூன்றாம் ராம்செஸ் இறந்தபின் எழுதப்பட்ட ஹாரிஸ் பாப்பிரஸ் என்று ஒரு சுருள் (பாப்பிரஸ் என்பது நாணலில் செய்த அக்காலக் காகிதம்), 40 மீட்டருக்கு மேல் நீளம், பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. தீப்ஸ் கோயில்களின் கணக்காக அதில் உள்ளவை: 86,486 ஆட்கள், 4,21,362 கால்நடைகள், 433 தோட்டங்கள். இவற்றில் பெரும்பகுதி அமுனுடையது.

சரி, இதே மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆட்சியாண்டில் நடந்த இன்னொன்றைப் பாருங்கள். லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், இன்று டெய்ர் எல்-மதீனா எனப்படும் ஊர். மதில் சுவருக்குள் எழுபதுக்குக் கொஞ்சம் குறைவான வீடுகள். மன்னர்களின் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்து ஓவியம் தீட்டும் தொழிலாளர்கள் குடும்பத்தோடு அங்கே குடியிருந்தார்கள். கூலி தானியமாக வரும். அந்த ஆண்டு அது நேரத்துக்கு வரவில்லை. 18 நாள் ஆகிவிட்டது, பசிக்கிறது என்று சொல்லி வேலையைப் போட்டுவிட்டுப் போய் ஒரு கோயிலின் பின்புறம் உட்கார்ந்துவிட்டார்கள். குடிக்க இல்லை, துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை என்று அவர்கள் அடுக்கியதெல்லாம் இத்தாலியின் டுரின் மியூசியத்துப் பாப்பிரஸில் பதிவாகியிருக்கிறது. உலகில் எழுத்தில் கிடைத்த முதல் வேலைநிறுத்தம் இதுதான் என்பார்கள். ராமெஸியம் கோயிலுக்கும் போனார்கள். அமுனின் சொத்துகளில் சேர்ந்த கோயில் அது. அதன் தானியக் களஞ்சியங்களின் செங்கல் வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

இந்த ஊர்க்காரர்களிடம் போய் உங்கள் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? எனக்கு அதுதான் சுவாரஸ்யம்.

அவர்கள் தலைக்கு மேலே ஒரு மலை. பிரமிட் வடிவத்தில் கூராக நிற்கும், இன்றைய பெயர் எல்-குர்ன். அந்தச் சிகரமே ஒரு தெய்வம். பெயர் மெரெட்செகர், மௌனத்தை விரும்புபவள் என்று பொருள். நாகமாக அல்லது பெண் தலை கொண்ட நாகமாக வரைவார்கள். பாம்பும் தேளும் நிறைந்த பாலைவன மலையில் தினமும் நடக்கிறவர்கள் அந்தப் பாம்பையே தெய்வமாகக் கும்பிட்டதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது!

நெஃபெராபு என்ற தொழிலாளி அவளுக்கு எழுப்பிய கல் டுரினில் இருக்கிறது. அறிவில்லாமல் சிகரத்துக்கு எதிராகத் தப்பு செய்துவிட்டேன், அவள் பாடம் புகட்டினாள் என்று எழுதுகிறார். பிரசவிக்கும் பெண் போலச் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தேன், காற்றைக் கூப்பிட்டேன், வரவில்லை என்கிறார் (அக்காலப் பெண்கள் செங்கல்கள் மேல் குந்தியிருந்துதான் குழந்தை பெற்றார்கள்). மூச்சுத் திணறலாக இருந்திருக்கும் என்று எனக்குப் படுகிறது. சிகரத்துக்குள் சிங்கம் இருக்கிறது, ஜாக்கிரதை என்று ஊருக்கு எச்சரிக்கையும் விடுகிறார். கடைசியில் கெஞ்சி அழைத்ததும் அவள் இனிய காற்றாக வந்தாளாம். இந்த ஆள் இதோடு நிற்கவில்லை. ப்தாவின் பேரில் பொய்ச் சத்தியம் செய்து, அவர் தன்னைப் பகலில் இருட்டைப் பார்க்க வைத்துவிட்டார் என்று இன்னொரு கல்லும் வைத்திருக்கிறார். அது லண்டனில் இருக்கிறது. என்ன ராசியோ!

பாய் திருட்டுப் போனால், வீட்டு உரிமையில் தகராறு வந்தால், கடவுளாகிவிட்ட பழைய மன்னர் முதலாம் அமென்ஹோட்டெப்பிடம் போவார்கள். அவர் சிலையைத் தூக்கி வருபவர்களும் அதே ஊர்த் தொழிலாளர்கள்தான். கேள்வியை முன்வைத்தால் சிலை முன்னால் நகரும் அல்லது பின்வாங்கும். தூக்குகிறவர்களில் வாதியின் மச்சான் இருந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்கக்கூடாது. வீட்டுக்குள் பிரசவத்தையும் குழந்தையையும் காப்பது நாக்கை நீட்டிய குள்ளன் பெஸ்ஸும் நீர்யானைத் தெய்வம் தாவெரெத்தும். இந்த இருவருக்கும் பெரிய அரசுக் கோயில்கள் கிடையாது, ஆனால் தாயத்துகள் எண்ணிலடங்காமல் கிடைத்திருக்கின்றன.

ஐசிஸைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நேருக்கு நேர் மோதல் கதைதான் வேண்டுமென்றால், ஜெயித்தது அவள். ரா கிழவராகி வாயில் எச்சில் ஒழுகுகிறது. ஐசிஸ் அந்த எச்சிலை மண்ணோடு பிசைந்து ஒரு பாம்பைச் செய்து அவர் நடக்கும் வழியில் வைக்கிறாள். பாம்பு கடித்துவிடுகிறது. உன் ரகசியப் பெயரைச் சொல், விஷத்தை இறக்குகிறேன் என்கிறாள். காலையில் நான் கெப்ரி, நண்பகலில் ரா, மாலையில் ஆட்டும் என்று மழுப்பிப் பார்க்கிறார். அது பலிக்கவில்லை, உடம்பு எரிய எரியக் கடைசியில் பெயரைக் கொடுக்கிறார்.

இதைப் புராணம் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் எழுதி வைத்திருப்பது விஷக்கடி மந்திரமாக. கதை முடிந்ததும் மருந்துக் குறிப்பு வரும்: உருவங்களின் மேல் இதைச் சொல்லு, கடிபட்டவன் கையில் எழுதி நக்க வை, மூலிகையை பீரிலோ ஒயினிலோ அரைத்துக் குடிக்கக் கொடு. இரண்டாம் ராம்செஸின் 40-ஆம் ஆண்டு வருகைப் பதிவேடு ஒன்று இதே டெய்ர் எல்-மதீனாவில் கிடைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் வேலைக்கு வராத தேதிக்கு மேலே சிவப்பு மையில் காரணம்: பீர் காய்ச்சுகிறான், கண் நோய், தெய்வத்துக்குப் படையல், தேள் கொட்டிவிட்டது. அந்தத் தேள் கொட்டியவனுக்கு ராவும் ஐசிஸும் தேவைப்பட்டது இதற்குத்தான்.