60 சதவீத மெக்கானிக்கல் கீபோர்டில் அம்புக்குறி கீயே இல்லை, எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எண் கட்டம், எஃப் வரிசை, அம்புக்குறி எல்லாம் எடுத்துவிட்ட இந்தச் சின்ன கீபோர்டை வாங்கிவிட்டீர்கள், ஒரு வாரம் தட்டியும் பார்த்துவிட்டீர்கள், இப்போது திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறீர்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தை வைத்து அப்படித்தான் நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். சரியாக அமைத்துக்கொண்டால், தனி அம்புக்குறி கீ உள்ள கீபோர்டைவிட இதில் வேகமாக வேலை நடக்கும். தவறாக அமைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். அது எனக்கு நடந்தது.

இப்படி யார் கேட்டாலும் உடனே ஒருவர் வந்து, "அம்புக்குறி எதற்கு? விம் கற்றுக்கொள்ளுங்கள்" என்பார். விம் என்பது எழுத்துக் கீகளாலேயே கர்சரை நகர்த்தும் எடிட்டர், பழைய விஐ எடிட்டரின் வாரிசு. பில் ஜாய் 1970களில் விஐ எடிட்டரை எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலில் (திரையும் கீபோர்டும் சேர்ந்த கருவி) எச், ஜே, கே, எல் கீகளின் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது. அந்த நான்கு எழுத்துகள் வந்த கதை அதுதான். நல்ல எடிட்டர், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கணினியில் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பைப் போட்டிருக்கும்போது அதே நான்கு கீகளும் க, ப, ம, த. கட்டளை கொடுக்க ஒருமுறை ஆங்கிலத்துக்கு மாறி, எழுத ஒருமுறை தமிழுக்கு மாறி, நாள் முழுக்க வேலை செய்ய முடியாது. கீபோர்டு பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் புரோகிராமர்கள் என்றே வைத்துக்கொண்டு பதில் சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

நான் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவன். என் வேலையில் எழுத்தைத் தட்டும் நேரம் குறைவு, கர்சரை நகர்த்தும் நேரம்தான் அதிகம். "அவனை பார்த்தேன்" என்று இருந்தால் "அவனைப் பார்த்தேன்" ஆக்க வேண்டும். கண்ட்ரோலோடு வலது அம்புக்குறியைத் தட்டினால் அடுத்த சொல்லின் தலைக்குப் போகும். ஒரு எட்டு இடப்பக்கம் வந்து ப் போட வேண்டும். ஒரு பக்கத்தில் இப்படி இருபது இடம் சாதாரணமாக வரும். எழுத்துக்குள் திருத்துவதாக இருந்தால் அது வேறு கதை. "கொ" மேல் அம்புக்குறி போனால் முழு எழுத்தையும் ஒரே தாவில் தாண்டும். பின்னால் இருந்து பேக்ஸ்பேஸ் அடித்தால், பெரும்பாலான எடிட்டர்களில் கொம்பும் காலும் மட்டும் போய் "க" நிற்கும். முன்னால் இருந்து டெலிட் அடித்தால் எழுத்தே போய்விடும். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தமிழில் அவ்வளவு முக்கியம். மவுஸை வைத்து அந்த இடத்தில் குறிபார்த்து நிற்பது கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் தண்டனை.

அப்படியென்றால் 60 சதவீதம் ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். என் மேசை சின்னது. அச்செடுத்த தாள்கட்டு கீபோர்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 104 கீ உள்ள பெரிய கீபோர்டு வைத்திருந்தபோது தாள் இடப்பக்கம் போய், நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி வலி வந்துவிட்டது. 61 கீ வந்த பிறகுதான் தாள் கண்ணுக்கு நேரே வந்தது.

முதலில் அம்புக்குறிகளை ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு பாணியில் வைத்தேன். ஜப்பானில் எயிச்சி வாடா என்ற பேராசிரியரின் யோசனையில் உருவாகி 1996இல் வந்த கீபோர்டு அது. எஃப்என் கீயோடு சதுர அடைப்பு மேலே, அரைப்புள்ளி இடது, மேற்கோள் குறி வலது, சாய்கோடு கீழே. அதைக் கொண்டாடுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. எஃப்என்னையும் வலது கைதான் அழுத்த வேண்டும், அம்புக்குறியையும் வலது கைதான் தட்ட வேண்டும். பத்து நாளில் சுண்டுவிரல் மரத்துப்போனது.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தவறு. இன்றைக்கும் இதைத்தான் நிறைய பேர் சிபாரிசு செய்கிறார்கள் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். வலது ஓரத்தில் இருக்கும் ஷிஃப்ட், ஆல்ட், மெனு, கண்ட்ரோல் நான்கையும் இரட்டை வேலை பார்க்க வைப்பது. தட்டிவிட்டால் அம்புக்குறி, அழுத்திப் பிடித்தால் பழைய வேலை. வலது ஷிஃப்ட்தான் மேல் அம்புக்குறி. பார்க்க அழகாக இருக்கும், கையும் பழைய இடத்துக்கே போகும். ஆனால் தட்டலா, பிடித்தலா என்று கீபோர்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர்தான் முடிவு செய்கிறது. கியூஎம்கே (QMK) என்ற ஃபர்ம்வேரில் அதற்கு மாற்றாமல் இருக்கும் அளவு 200 மில்லிசெகண்ட். அதற்குள் விரலை எடுத்துவிட்டால் அது தட்டல்.

தமிழ்99இல் ஸ, ஷ, ஜ, ஹ எல்லாம் இடது கையின் மேல் வரிசையில், ஷிஃப்டோடு. இடது கை எழுத்து என்பதால் ஷிஃப்டுக்கு வலது சுண்டுவிரல்தான் போகும். ஜ என்பது ஷிஃப்டோடு ஆங்கில ஈ (E) கீ. வேகமாக அடித்து 200 மில்லிசெகண்டுக்குள் இரண்டையும் விட்டுவிட்டால் கீபோர்டு அதை ஷிஃப்டாக எடுத்துக்கொள்ளாது. கர்சர் ஒரு வரி மேலே தாவும், அங்கே ஊ விழும். ஈ கீயில் ஷிஃப்ட் இல்லாமல் இருப்பது ஊ.

ஒரு அம்மாவின் கட்டுரைத் தொகுப்பு. அவருடைய அப்பாவின் பெயர் ராஜாமணி. ஊரார் பேச்சில் ராசாமணி என்று வருவதை அப்படியே விட வேண்டும், கட்டுரையாசிரியராக அவர் எழுதும் இடங்களில் ராஜாமணி ஆக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். மொத்தமாக மாற்ற முடியாது, ஒவ்வொரு இடமாகப் படித்துத்தான் செய்ய வேண்டும். ஓரிடத்தில் "சா"வை அழித்துவிட்டு, தாளைப் பார்த்தபடியே "ஜா" அடித்தேன். நிமிர்ந்தால் மேல் வரியின் நடுவில் "ஊஆ" என்று நிற்கிறது. அதை அழித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன். கீழ் வரியில் "ராமணி" என்று நின்றதைக் கவனிக்கவில்லை. அதுவும் ஒரு பெயர் மாதிரியே இருக்கிறது, பாருங்கள். எனக்குப் பிறகு பார்த்தவர் கண்ணிலும் படவில்லை. புத்தகம் வந்த பிறகு அந்த அம்மா போன் செய்தார். கோபப்படவில்லை. "அப்பா இறந்த நாளைப் பத்தி எழுதின பக்கத்துல பேரு மாறிப் போச்சு சார்" என்றார். அன்று இரவே வலது ஷிஃப்டை வெறும் ஷிஃப்டாக மாற்றினேன். இன்றுவரை அதைத் தொடவில்லை.

"பெர்மிஸிவ் ஹோல்ட் போட்டால் சரியாகிவிடும்" என்று கியூஎம்கேயில் இருக்கும் ஒரு அமைப்பைச் சொல்ல வருகிறவர்களுக்கு: பாதி சரியாகும். ஷிஃப்டுக்குள்ளேயே எழுத்தை அழுத்தி எடுத்தால் அது பிடித்தலாகக் கணக்காகும். எழுத்தை விடுவதற்கு முன் ஷிஃப்டை விட்டுவிட்டால் மறுபடி அம்புக்குறிதான். என் கை அப்படித்தான் உருள்கிறது. உங்கள் கை வேறாக இருக்கலாம், நான் மறுக்கவில்லை.

இப்போது இருக்கும் அமைப்பு கேப்ஸ் லாக்கில். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. கீபோர்டிலேயே நல்ல இடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கீயால் நமக்கு ஒரு பயனும் இல்லை. அதை அழுத்திப் பிடித்தால் இரண்டாம் லேயர், அதாவது அதே கீகளுக்கு வேறு வேலை. ஆங்கில ஐ (I) மேலே, ஜே இடது, கே கீழே, எல் வலது. யூ ஹோம், ஓ எண்ட், அரைப்புள்ளி டெலிட். இடது கையில் டி கண்ட்ரோல், எஸ் ஷிஃப்ட். கேப்ஸ், டி, எல் மூன்றும் சேர்ந்தால் சொல் சொல்லாக வலப்பக்கம் போகும். "அவனைப்" போட வேண்டுமா? கேப்ஸைப் பிடித்தபடி ஒரு ஜே தட்டினால் கர்சர் இடப்பக்கம் வரும். கேப்ஸை விட்டுவிட்டு அதே ஜே தட்டினால் ப. எஃப் தட்டினால் புள்ளி. விரல் இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. இது கைக்கு வர எனக்கு மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது.

வேகம் கூடியதால் வருமானம் கூடியதா என்றால், இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்து கொடுக்கும் ஓரிடத்தில் பக்கக் கணக்கில்தான் கூலி, அதுவும் திருத்தி முடித்த பிறகு வரும் பக்கங்களின் எண்ணிக்கைக்கு. இரண்டு முறை வந்திருக்கும் பத்தியைக் கண்டுபிடித்து நீக்கினால், நீக்கிய பக்கத்துக்குக் காசு கிடையாது. உழைத்ததற்கு நாமே காசு கொடுக்கிற மாதிரி. கேட்டால் "எல்லாருக்கும் இதுதான் சார்" என்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், வேலையைக் கையில் வாங்கும்போதே பக்கத்தை எண்ணி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் கீபோர்டு, கீகளின் வேலையை மாற்றித் தரும் வயா (VIA) மென்பொருளுக்கு ஒத்துழைக்குமா என்று முதலில் பாருங்கள். ஒத்துழைத்தால் எதையும் நிறுவ வேண்டாம். குரோம் அல்லது எட்ஜில் வயா தளத்தைத் திறந்து, கீபோர்டைக் கேபிள் வழியாக இணைக்க வேண்டும். புளூடூத்தில் இருந்தால் தெரியாது. சில கீபோர்டுகளுக்குத் தயாரிப்பாளர் தரும் ஒரு ஜேசன் (JSON) கோப்பையும் ஏற்ற வேண்டியிருக்கும். அடி லேயரில் கேப்ஸைச் சுட்டி எம்ஓ ஒன்று, MO(1), என்பதைக் கொடுங்கள்; பிடித்திருக்கும் வரை லேயர் ஒன்று என்று அர்த்தம். அடி லேயர் பூஜ்யம் என்பதால் நான் சொன்ன இரண்டாம் லேயர்தான் லேயர் ஒன்று. பிறகு அதற்குப் போய் அம்புக்குறிகளை நிரப்புங்கள். எல்லாம் கீபோர்டுக்குள்ளேயே பதிவாகிவிடும், எந்தக் கணினியில் செருகினாலும் கூடவே வரும். பதிப்பகத்துக் கணினியில் எதையும் நிறுவ விட மாட்டார்கள் என்பதால் எனக்கு இது பெரிய வசதி.

வயா இல்லாத கீபோர்டு என்றால் இதே வேலையைக் கணினியிலிருந்து செய்யும் மென்பொருள் இருக்கிறது: விண்டோஸில் ஆட்டோஹாட்கீ, மேக்கில் காராபைனர், லினக்ஸில் கீடி. ஆட்டோஹாட்கீயில் ஐ, ஜே, கே, எல் என்று எழுத்துப் பெயரைக் கொடுத்தால் தமிழ் விசைப்பலகை போட்டிருக்கும்போது தகராறு வரலாம். எழுத்துக்குப் பதில் ஸ்கேன் கோடு, அதாவது கீயின் இடத்தைச் சொல்லும் எண்ணைக் கொடுங்கள்: ஐக்கு 017, ஜேக்கு 024, கேக்கு 025, எல்லுக்கு 026, ஒவ்வொன்றுக்கும் முன்னால் எஸ்சி (SC) சேர்த்து.

இத்தனை பாடு படுவதற்குப் பதில் அம்புக்குறியோடு வரும் 65 சதவீதமே வாங்கியிருக்கலாமே என்பவர்கள் சொல்வதும் நியாயம்தான். எக்செல்லில் ஒரு கையில் டீ, ஒரு கையில் கட்டம் கட்டமாக நகர்வது உங்கள் வேலை என்றால், தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள், என் அமைப்புக்கு இரண்டு கையும் வேண்டும். எழுதுவதும் திருத்துவதும்தான் வேலை என்றால் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் கேப்ஸில் மூன்று வாரம் போட்டுப் பாருங்கள்.